பூசைக்கு முன் ஒயர் பிரித்தல்

சுகுணா மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு மேல் பூசை. அதற்குள் மேசையைச் சுத்தம் செய்து, லேப்டாப்பைத் துடைத்து, ஹாலில் மகள் மிதுலாவின் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் மணையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட வேண்டும். இட்டுவிட்டால் நாளைக் காலையில் மறுபூசை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. புத்தகமானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, சரஸ்வதிக்கு முன்னால் வைத்தது வைத்ததுதான். இந்த வீட்டில் அந்த வழக்கத்தின் மேல் அதிக பக்தி மிதுலாவுக்குத்தான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மத்தியானமே கொண்டுபோய் அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிட்டாள், தப்பித் தவறிக்கூட யாரும் எடுத்துவிடக் கூடாதாம். சுகுணாவுக்கு இந்த வருசம் அது வேறு கணக்கு. ஆபீசுக்கு ஒரு பதில் அனுப்ப வேண்டும். வருகிறேன் என்று, அல்லது வரவில்லை என்று. எட்டு வருசமாக இந்தத் திருச்செங்கோட்டு வீட்டின் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் டாக்டர் குறிப்புகளைப் படித்து நோய்க்கு ஏற்ற கோடு, அதாவது எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு, போட்டுக்கொண்டிருந்தவளை, அடுத்த மாதத்திலிருந்து சென்னை ஆபீசில் வந்து உட்கார்ந்து போடச் சொல்லிவிட்டார்கள். வர முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் இல்லை என்றால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வோம் மேடம் என்று எச்.ஆர். பெண் ஷர்மிளா நேற்று போனில் சொன்னாள். நல்ல பெண்தான், பாவம், எத்தனை பேரிடம் இதையே சொன்னாளோ. பாதுகாப்பு என்று சொல்லி, ஆபீஸ் மெயில் போனில் திறக்காது, இந்த லேப்டாப்பில் இந்த வீட்டு இணைப்பில் மட்டும்தான் திறக்கும். இரண்டு பதில்களையும் நேற்றே அடித்து வைத்திருக்கிறாள். இரண்டும் அனுப்பாமல் கிடக்கின்றன. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

ஒயரைப் பிரித்துவிட்டு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முதலில் இது. எதையும் முதலில் இது என்று சொல்லிக்கொண்டால் அடுத்ததைச் சித்த நேரம் மறக்கலாம். கறுப்பு ஒயர், தடித்தது, லேப்டாப் சார்ஜர். அதோடு பின்னிக்கொண்டு இன்னொரு கறுப்பு, பெரிய திரைக்குப் போவது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் கீபோர்டு, மவுசு, காதில் மாட்டுகிற ஹெட்செட். எல்லாம் போய் ஒரு நாலு ஓட்டைப் பெட்டியில் சேர்கின்றன, அந்தப் பெட்டியிலிருந்து மறுபடியும் ஒரு வால். வெள்ளையாக ஓடுவது மோடத்துக்கு. இந்த ஊதா யாருடையது? மிதுலா டேப்லெட்டுடையது, அது போன வருசமே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது, ஒயர் மட்டும் இன்னும் சுவிட்சில் சொருகிக் கிடக்கிறது, யாருக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்ததோ. இது வீட்டுக்காரருடைய மீசை ட்ரிம்மருக்கு. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான், அவர் ட்ரிம்மரைத் தேடுகிற அன்று ஒயர் இருக்காது, ஒயர் கிடைக்கிற அன்று ட்ரிம்மர் பட்டறையில் இருக்கும். இதையெல்லாம் எட்டு வருசத்தில் ஒரே நாளில் யாரும் கொண்டுவந்து போடவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. வரும்போது இதற்கென்ன, ஓரமாகக் கிடக்கட்டும் என்றுதான் தோன்றியது. முடிச்சு யாரும் போடாமலே எப்படி விழுகிறது? கால்தான் காரணம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது, செருப்பைத் தேடும், ஒயரைத் தள்ளும், இழுக்கும். மிதுலாவுக்குத் தலை சிக்கெடுப்பதும் இப்படித்தான், நுனியிலிருந்து வர வேண்டும், உச்சியிலிருந்து இழுத்தால் கத்துவாள். சுகுணா நுனியைத் தேடினாள். கையில் தூசி கம்பளிபோல ஒட்டியது. தும்மல் வந்தது, தலை நிமிர்ந்தது, நிமிர்ந்த தலை இரும்பில் இடித்தது.

அந்த இரும்பு செங்கோட்டுவேலு செய்தது. போர் போடுகிற ரிக் லாரிக்கு உதிரிபாகம் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிற மனுசன், பெண்டாட்டி ஒயரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒரு வார்த்தை பேசாமல் மேசையை அளந்துகொண்டு போனார். மறுநாள் ஆங்கிளை வெட்டி வெல்டு வைத்து, யு.பி.எஸ்ஸும் பிளக் பெட்டியும் உட்காருவதற்கு ஒரு தட்டு கொண்டுவந்து மேசைக்கு அடியில் போல்ட்டு போட்டு முறுக்கினார். ஒரு யானை ஏறி நின்றாலும் தாங்கும். மேசைதான் தாங்கவில்லை, அன்றிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பேனாவை வைத்தால் உருளும். கடையில் பிளாஸ்டிக்கில் அம்பது ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டாள். வலித்தது. அவரிடம் சொன்னால் என்ன சொல்வார்? கத்த மாட்டார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் நேற்றே சொல்லியிருப்பாள், கத்துகிறவரோடு சண்டை போடலாம். இவர் ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குப் போய்விட்டு மறுநாள் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு வந்து நிற்பார். சென்னைக்குப் போகிற பொண்டாட்டிக்கு வெல்டு வைத்து என்னத்தைச் செய்வார். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. அவர் போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்பது ஒரு பயம். சரி போ என்று சொல்லிவிடுவாரோ என்பது இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று பார்த்தாள், பார்த்தவரை இரண்டாவதுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டால் அப்புறம் போகாமலிருக்க ஒரு சாக்கும் மிஞ்சாது.

"அம்மா." மிதுலா கதவருகே நின்றாள், வாய் நிறைய பொரி. "அப்பா போன் பண்ணுச்சு. பட்டறைல பூசை முடிஞ்சுதாமா. பூசணிக்கா ஒடைச்சுப்போட்டு ஆளுகளுக்குப் பொரி குடுத்துட்டு வந்துர்றேன்னு சொல்லுச்சு."

"சாமிக்கு வைக்கறதுக்கு முன்னாலயே திங்கறியா?"

"இது பட்டறைச் சாமிக்கு வச்சதும்மா. மணியண்ணன் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு." அவள் குனிந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "எதுக்கும்மா எல்லாத்தயும் ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கற?"

சுகுணா அப்போதுதான் பார்த்தாள். கையை நம்பி விட்டிருந்தாள், கை தன்பாட்டுக்கு இரண்டு குவியலாகப் போட்டிருந்தது. ஒரு பக்கம் சார்ஜர், ஹெட்செட், மவுசு, நாலு ஓட்டைப் பெட்டி, ஒவ்வொன்றையும் தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் சுற்றி. இன்னொரு பக்கம், பிளக்கிலிருந்து இன்னும் பிடுங்காமல் சுருட்டி வைத்த ஒயர்கள்: மோடம், ட்ரிம்மர், செத்த டேப்லெட், பெரிய திரை. பையில் போட்டு எடுத்துப் போவது, வீட்டிலேயே கிடப்பது. "சும்மா," என்றாள். "பெருசு சிறுசுன்னு பிரிச்சேன்."

"பெரிய பின்னு சின்னதோட கெடக்குது, சின்னது பெருசோட கெடக்குது," என்று சொல்லிவிட்டு மிதுலா போய்விட்டாள். கணக்கில் முப்பத்தெட்டு வாங்குகிற பெண், இதிலெல்லாம் கண் கூர்மை. போன வருசம் இவள்தான் பூசையன்று லேப்டாப்பில் எங்கெல்லாம் ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தாள், ஓட்டைக்கு ஒன்றாக, அழகாக. சாமிக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் சார்ஜ் ஏறவில்லை. சேப்டி பின்னைக் கொண்டு சுரண்டச் சுரண்ட மஞ்சளாகக் கொட்டியது. ஆபீஸ் டெக்னீசியன், வடக்கத்திப் பையன், வீடியோவில் பார்த்துவிட்டு இது என்ன மேடம் பூஞ்சைக்காளானா என்று கேட்டான். இவள் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். சரஸ்வதி பூசை என்று இங்கிலீசில் எப்படி விளக்குவது என்று யோசிப்பதைவிட காளானே சுலபமாக இருந்தது. புது சார்ஜர் அனுப்பினார்கள், ஈரப்பதமில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளவும் என்று ஒரு துண்டுச் சீட்டோடு. ஐப்பசிக்குக்கூட வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில்.

கை ஏன் பிரித்தது? கைக்கு முடிவு தெரிந்துவிட்டதா? அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு குவியலிலிருந்து ஹெட்செட்டை எடுத்து மறு குவியலில் போட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். எடுத்து முன்பிருந்த இடத்திலேயே போட்டாள். கல்யாணத்துக்கு முன்னால், இந்தக் கோடு போடுகிற வேலைக்குப் பயிற்சி எடுக்க, ஒரு மழைக்காலம் முழுக்கச் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். ஆறு பெண்களுக்கு ஒரு அறை, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளக். முறை வைத்து சார்ஜ் போட்டார்கள். விடிய விடிய யாராவது ஒருத்தி பாதித் தூக்கத்தில் எழுந்து தன்னுடையதைப் பிடுங்கி அடுத்தவளுடையதைச் சொருகிவிட்டுப் படுப்பாள். ஒரு சண்டை வந்ததில்லை. அந்த அறையில் மூட்டைப்பூச்சி இருந்தது, தண்ணீர் உப்பு, சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்டால் வார்டன் முறைப்பாள். ஆனாலும் காலையில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தனியாக நின்று ஒரு டீ குடிப்பாள், யாருக்கும் டீ போட்டுக் கொடுக்காமல், தனக்கு மட்டும் ஒருவன் போட்டுக் கொடுக்கிற டீ. அது ஞாபகம் வரும்போதெல்லாம் நாக்கில் இஞ்சி உறைக்கும். இப்போதும் உறைத்தது. ஒரு டீக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்? டீக்காக இல்லை. வேலைக்காகத்தான். வேலைக்காக மட்டும்தானா? இந்த இடத்தில் வந்து மனசு ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்ளும். போக வேண்டியிருக்கிறது என்றால் பரவாயில்லை, ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, தலைவிதி என்று முகத்தை வைத்துக்கொண்டு போகலாம். போகப் பிடித்திருக்கிறது. அதுதான் பிரச்சினை. பொண்ணுக்கு பத்தாவது வரப்போகிற நேரத்தில், மாசத்துக்கு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா அம்மா என்று சுருண்டு படுக்கிறவளை விட்டுவிட்டு, போகப் பிடித்திருக்கிறது. நினைத்ததும் காது சுட்டது.

எல்லாவற்றுக்கும் ஒரு கோடு உண்டு, அமெரிக்காக்காரன் எதையும் விடமாட்டான். அடுப்பில் சுட்டுக்கொண்டால் ஒரு கோடு, வாத்து கொத்தினால் ஒரு கோடு. குடும்பத்தில் ஒருவர் வீட்டில் இல்லாததால் வருகிற மனச்சுமைக்கும் ஒன்று இருக்கிறது, இசட்டில் தொடங்குவது, நூற்றுக்கணக்கான தடவை போட்டிருக்கிறாள். ஓஹாயோவில் எவனோ ஒரு சின்னப் பையனுக்கு வயிற்றுவலி, அப்பா பட்டாளத்தில், போடு. போடும்போது ஒருநாளும் கை நின்றதில்லை. அவர்களில் யாருக்கும் அதனால் உயிர் போகவும் இல்லை, அதையும் பார்த்திருக்கிறாள், அடுத்த வருசக் குறிப்பில் பையன் நல்ல எடை, நல்ல உயரம், பேஸ்பால் ஆடுகிறான். அப்பா இல்லாவிட்டால் அப்படி. அம்மா இல்லாவிட்டால்? ஞாபகத்தில் தேடினாள். அம்மா போன குறிப்பு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இல்லாமலா இருக்கும், எங்கேயாவது இருக்கும். ட்ரிம்மர் ஒயரின் ஒரு இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. நல்லவேளை பார்த்தோம் என்று பிளக்கிலிருந்து அதைப் பிடுங்கினாள். போன கோடையில் இந்தப் பிளக் பெட்டி ஒருநாள் தீய்ந்த வாடை அடித்தது, வாடையை முதலில் பிடித்தது அவள் மூக்குதான், இரண்டு பேரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை வாடை அடித்தால்? இவள் சென்னையில் இருக்கும்போது இந்த மூலையில் புகை வந்தால்? அதற்காகத்தானே எல்லாவற்றையும் பிடுங்கி வைக்கிறோம் என்று தனக்கே பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது போகிறவள் சொல்கிற பதில் என்று தெரிந்தது.

வெளிச்சம் மங்கியிருந்தது. தெருவில் எங்கோ வாழைக்கன்று கட்டிய லாரி ஒன்று எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு ஆரனை விடாமல் அடித்தபடி போனது. இப்போது அனுப்பலாம். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, திறந்து, இரண்டில் ஒன்று. ஆனால் எழவில்லை. பிரிக்க ஒன்றுமில்லாத ஒயரை மறுபடியும் சுற்றினாள். அனுப்பாமலிருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அவர் வருவார், நல்ல நேரம் போகுது என்பார், லேப்டாப் மணைக்குப் போகும், பொட்டு விழும். அப்புறம் யார் தொட முடியும்? நாளைக்குத் திறக்கும்போது நாள் கடந்திருக்கும், வரவில்லை என்று ஷர்மிளாவே எடுத்துக்கொண்டிருப்பாள். நான் முடிவெடுக்கவில்லை, சரஸ்வதி எடுத்தாள் என்று இருந்துவிடலாம். படிப்புக்கும் வேலைக்கும் சாமி, அவளுக்குத் தெரியாதா. மதில் மேல் பூனைக்குச் சாமியே ஒரு தள்ளு தள்ளிவிட்டால் நல்லதுதானே. இப்படி நினைத்ததும் உடம்பே லேசானது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். தோள்பட்டை வலிகூடக் குறைந்ததுபோல இருந்தது. மிதுலா சொல்வாள், புத்தகத்தைப் பூசையில் வைத்த நிமிசத்திலிருந்து வயிற்றில் இருக்கும் கல் இறங்கிவிடும் என்று. முப்பத்தெட்டு மார்க்குக்காரிக்கும் முப்பத்தொன்பது வயசுக்காரிக்கும் ஒரே புத்திதான் என்று நினைத்தாள். பைக் சத்தம் கேட்டது. எழ வேண்டும் என்றும் நினைத்தாள். எழவில்லை.

செங்கோட்டுவேலு நெற்றி நிறைய விபூதியும் கை நிறைய சந்தனமுமாக உள்ளே வந்தார். பட்டறையில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்த விரல், இன்னும் காயவில்லை. "ஏம்புள்ள, இன்னும் கீழயே உக்காந்திருக்கற? ஒயருக்கடையா வக்கப்போற? நேரமாச்சு பாரு," என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. பட்டறையில் கரண்டை நிறுத்துகிற பழக்கம், சுவரில் தெரிந்த சுவிட்சையெல்லாம் ஒரே கையால் கீழே தள்ளி, சொருகியிருந்த இரண்டு மூன்றையும் ஒரே இழுப்பில் பிடுங்கி, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனார். அவள் பின்னாலேயே வந்தாள். மணையில் வைத்தார். சந்தனத்தை எடுத்து மூடியின் நடுவில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். மிதுலா ஒரு பூவை மேலே வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. சுகுணாவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, விடுமுறை விட்டதுபோல. அந்த நிம்மதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருசம் படித்து, பொய் சொல்லாமல் கோடு போட்டு, ஒரு பதிலுக்குச் சாமியை முன்னால் தள்ளிவிட்டு நிற்கிறோமே என்று கோபம் வந்தது, அழுகைக்குப் பக்கத்துக் கோபம். மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூவை எடுத்துக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

"ஐயோ அம்மா!" என்றாள் மிதுலா.

"என்ன புள்ள பண்ற? வச்சத எடுக்கக் கூடாது."

"எடுக்கலீங்க. வச்ச எடத்துலயேதான் இருக்குது. ஆபீசுக்கு ஒரு பதில் போடோணும்."

"சாமிக்கு முன்னாலயா?"

"சாமிக்கு முன்னாலதானுங்க." பாஸ்வேர்டு முதல் தடவை தப்பாகப் போனது. மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. "அடுத்த மாசத்துலருந்து சென்னை ஆபீசுக்கு வரச் சொல்லீட்டாங்க. வாரத்துல அஞ்சு நாளு அங்க, சனி ஞாயிறு இங்க. இல்லீன்னா வேலையில்ல. நான் வர்றேன்னு சொல்லப்போறேன்."

அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "இது கேக்கறதா, சொல்றதா?"

"சொல்றதுதானுங்க."

"பாப்பாவுக்குப் பத்தாவது வருது."

"ஆமாங்க."

"எனக்குச் சோறாக்கத் தெரியாது."

"ஆமாங்க."

"அது தெரிஞ்சும் போற."

"எனக்குப் போகோணும்னு இருக்குதுங்க," என்றாள். மிதுலா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது, சுற்றியது. இணைப்பு இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். இணைப்பு இல்லை. அவர் பிடுங்கியதில் மோடமும் போயிருக்கிறது. போய்ச் சொருக வேண்டும், எழுந்து நாலடி நடந்தால் ஆயிற்று, ஆனால் கால் இரண்டும் மணைக்கு முன்னால் மரத்துக் கிடந்தன. மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள்.

"எனக்கு இது புடிக்கல," என்றார் செங்கோட்டுவேலு. "சொல்லிப்போட்டேன். நாளைக்கு, புடிச்சுதான் உட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டனுங்க."

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று காத்திருந்தாள். பட்டறைக்கே திரும்பிப் போனாலும் போவார் என்று நினைத்தாள். மேசைக்கு அடியில் இரும்புத் தட்டில் எதுவோ இடிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு முனகல்.

"இதுல எந்த ஒயரு புள்ள?" என்று கேட்டார்.

"வெள்ளைங்க. சின்ன பின்னு. வலக்கைப் பக்கம் சுருட்டி வச்சிருக்கறன் பாருங்க."

சுவிட்சு விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வட்டம் நின்றது. "வந்துருச்சும்மா," என்றாள் மிதுலா மெதுவாக. சுகுணா இரண்டில் ஒன்றைத் திறந்து, சரியானதுதானா என்று படித்துப் பார்த்து, அனுப்பினாள். அழுகை வந்தது, அழுதாள், சாமிக்கு முன்னால்தானே.

"போயிருச்சா?" என்று மேசைக்கு அடியிலிருந்து அவர் கேட்டார்.

"போயிருச்சுங்க," என்றாள்.